நஞ்சை எங்கே வைப்பது?

சப்போட்டா மரத்தைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். இலுப்பையிலும் அப்படித்தான். அந்தக் குடும்பத்து மரங்களுக்கே உரிய குணம் அது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரம் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில் இருக்கும் நியூ கலிடோனியா தீவின் மழைக்காட்டில் வளர்கிறது. தாவரவியலில் அதன் பெயர் பிக்னாண்ட்ரா அக்யூமினேட்டா. அதன் பட்டையில் கத்தியை இறக்கினால் மயில்துத்த நிறத்தில் பால் கசியும். அந்தப் பாலை உலர்த்தி எடை போட்டால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிக்கல். தாங்கி ஜாஃப்ரே, ராபர்ட் புரூக்ஸ் ஆகியோர் கொண்ட குழு 1976-ல் இதை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு நிக்கல் இருந்தாலே அதை நல்ல தாது என்று தோண்டி எடுக்கிற தீவு அது. மரமோ சுரங்கத்தையே தோற்கடித்துவிட்டது.

நிக்கல் எல்லாச் செடிக்கும் தேவைதான். யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் என்ற நொதியின் நடுவில் நிக்கல் அணுக்கள் இருக்கின்றன. அவை இல்லாமல் அந்த நொதி வேலை செய்யாது. ஆனால் அந்தத் தேவை இம்மியளவு. ஒரு கிலோ காய்ந்த இலையில் சில மில்லிகிராம் இருந்தால் போதும். அதுவே பல பத்து மில்லிகிராமாக ஏறினால் பெரும்பாலான பயிர்களின் இலை வெளுக்கும், வேர் நுனி கருகும். ஒரு கிலோ காய்ந்த இலையில் 1000 மில்லிகிராமுக்கு மேல் நிக்கல் சேர்க்கும் செடிகளை மீச்சேமிப்புத் தாவரங்கள் என்று தனி வகையாகவே பிரித்திருக்கிறார்கள். பிக்னாண்ட்ரா அவற்றில் உச்சம்.

இதை வெறும் விந்தைச் செய்தியாகப் படித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதற்குள் எல்லாச் செடிக்கும் பொதுவான ஒரு சிக்கல் இருக்கிறது. பூச்சிக்கொல்லி மருந்து ஒரு செடிக்குள் நுழைந்தால் நொதிகள் அதை வெட்டித் துண்டாக்கி வலுவிழக்கச் செய்யும். உலோகத்தை அப்படிச் செய்ய முடியாது. காட்மியம் அணு கடைசிவரை காட்மியம் அணுதான். எந்த நொதியாலும் அதை வேறொன்றாக மாற்ற இயலாது. நஞ்சு இருக்கும் இடத்தைவிட்டு ஓடவும் செடிக்குக் கால் இல்லை. மிஞ்சுவது ஒரே கேள்வி: வந்துவிட்டதை எங்கே வைப்பது? வேரிலா, இலையிலா, செல்லுக்கு உள்ளே எந்த மூலையில்? கன உலோகங்களைச் செடிகள் தாங்கும் கதை முழுவதையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

முதலில், நஞ்சு உள்ளே வருவதே ஏன்? செடி அதை வேண்டி அழைப்பதில்லை. வேரின் செல்சவ்வில் இரும்புக்கு ஒரு புரதம், மாங்கனீசுக்கு ஒன்று, பாஸ்பேட்டுக்கு ஒன்று என்று கடத்திப் புரதங்கள் வரிசையாக இருக்கின்றன. அவை பார்ப்பது அயனியின் மின்னூட்டம், பருமன், வடிவம் இவ்வளவுதான். தனிம அட்டவணையில் துத்தநாகத்துக்கு நேர் கீழே இருப்பது காட்மியம். பாஸ்பரசுக்கு நேர் கீழே ஆர்செனிக். மேல் வரிசையில் இருப்பதற்குத் திறந்த கதவில் கீழ் வரிசையில் இருப்பதும் நுழைந்துவிடுகிறது. இரும்பு கிடைக்காமல் தவிக்கும் வேர் இரும்புக் கடத்தியைக் கூடுதலாகத் தயாரிக்கும். அந்தப் பசியின் வழியே காட்மியமும் கூடுதலாக வரும். பாஸ்பேட்டின் சாயலில் ஆர்செனேட் வருகிறது. வெள்ளம் நிற்கும் வயலில் அது ஆர்செனைட்டாக மாறி, இம்முறை சிலிக்காவின் சாயலில் வருகிறது. ஆர்செனிக் முழு உலோகம்கூட அல்ல. ஆனாலும் செடிக்குத் தரும் தொல்லையில் அது யாருக்கும் இளைத்ததில்லை.

உள்ளே வந்த உலோகம் முதலில் தேடிப் பிடிப்பது கந்தகத்தை. சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தின் முனையில் ஒரு கந்தக அணு இருக்கிறது. ஏராளமான நொதிகள் தங்கள் வடிவத்துக்கும் வேலைக்கும் அந்தக் கந்தகத்தையே நம்பியிருக்கின்றன. காட்மியமும் பாதரசமும் அதை இறுகப் பற்றிக்கொண்டால் நொதி முடங்கிப்போகும். துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தில் காட்மியம் அமர்ந்தாலும் அதே கதிதான். செம்பின் வழி வேறு: எலக்ட்ரானைக் கொடுத்தும் வாங்கியும் அது வெறிபிடித்த ஆக்சிஜன் துகள்களை உண்டாக்கும். அவை சவ்வையும் டிஎன்ஏவையும் சிதைக்கும்.

செல்லுக்குள் நடப்பதைப் பிறகு பார்ப்போம். நஞ்சைத் தாங்கும் செடிகள் எப்படி உருவாகின்றன என்பதைத் தெளிவாகக் காட்டியது ஒரு சாதாரணப் புல். வேல்ஸ் நாட்டின் வடமேற்கு ஓரத்தில் ஆங்கிள்சி என்ற தீவு இருக்கிறது. அங்குள்ள பாரிஸ் மலை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் மிகப் பெரிய செம்புச் சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. சுரங்கம் ஓய்ந்த பிறகும் கழிவு மண் மேடுகள் மொட்டையாக நின்றன. வேல்ஸின் மற்ற இடங்களில் ஈயமும் துத்தநாகமும் எடுத்த சுரங்கங்களைச் சுற்றியும் இதே நிலை. அந்த மேடுகளின் ஓரத்தில் அங்கங்கே அக்ரோஸ்டிஸ் என்ற மேய்ச்சல் புல் முளைத்திருந்தது. சில மீட்டர் தள்ளி, வேலிக்கு அப்பால் ஆடு மேயும் நிலத்தில் இருந்ததும் அதே இனப் புல்தான். பேங்கர் நகரில் பணியாற்றிய அந்தோணி பிராட்ஷா இந்த இரண்டையும் எடுத்து ஒப்பிட்டார். சுரங்கப் புல் சுரங்க மண்ணில் வளர்ந்தது. மேய்ச்சல் நிலத்துப் புல் அதே மண்ணில் செத்தது. இந்த முடிவு 1952-ல் 'நேச்சர்' இதழில் வந்தது.

இந்த ஆய்வுகளில் பயன்பட்ட சோதனையின் எளிமை எனக்கு மிகவும் பிடித்தது. உலோகம் கரைத்த நீரில் புல்லின் துண்டை வைக்க வேண்டியது. சில நாள் கழித்து வேரின் நீளத்தை அளவுகோலால் அளக்க வேண்டியது. தாங்கும் புல்லுக்கு வேர் நீளும், தாங்காத புல்லுக்கு நின்றுவிடும். கோடிக்கணக்கில் விலைபோகும் கருவி எதுவும் இல்லாமல் பரிணாமத்தை அளந்தார்கள்.

பிராட்ஷாவும் அவருடைய மாணவர்களும் அடுத்து கண்டது இன்னும் சுவையானது. செம்பையே பார்த்திராத மேய்ச்சல் நிலத்து விதைகளைச் சுரங்க மண்ணில் தூவினால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பிழைத்துக்கொண்டன. அதாவது, தாங்கும் திறன் நஞ்சைக் கண்டபிறகு புதிதாகப் பிறக்கவில்லை. கூட்டத்தில் ஏற்கெனவே அரிதாக ஒளிந்திருந்தது. நஞ்சு மற்றவற்றைக் கொன்று அந்த ஒன்றிரண்டுக்கு இடம் கொடுத்தது. துத்தநாகப் பூச்சுள்ள மின்கோபுரங்களின் அடியில் மழை நீரோடு துத்தநாகம் சொட்டிய இடங்களில்கூட, சில பத்தாண்டுகளுக்குள் தாங்கும் புற்கள் தோன்றிவிட்டன. ஆனால் எல்லா இனமும் அங்கே வெற்றி பெறவில்லை; அந்த அரிதான மரபணு கையிருப்பில் இல்லாத இனங்கள் வெறுமனே அழிந்தன. பரிணாமம் வேகமாக நடக்க முடியும் என்று மகிழ்பவர்கள் இந்தப் பாதியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தாங்கும் திறன் இலவசமும் அல்ல. நல்ல மண்ணில் இரண்டு வகைப் புல்லையும் நெருக்கி நட்டால் சுரங்கப் புல்தான் பெரும்பாலும் பின்தங்கியது. காற்றில் வரும் மேய்ச்சல் நிலத்து மகரந்தத்தால் அதன் திறன் நீர்த்துப்போகவும் கூடும். சுரங்க எல்லையில் இருந்த புற்கள் தம் அண்டை வீட்டாரைவிடச் சில நாள் முன்னதாகவே பூத்தன என்று மெக்நீலியும் ஆண்டோனோவிக்சும் 1968-ல் எழுதினார்கள். புது இனம் பிரிவதற்கான முதல் விரிசல் அது. இந்தப் புற்களிலிருந்து தேர்ந்தெடுத்த வகைகள் 'பாரிஸ்', 'கோகினான்' என்று சுரங்கங்களின் பெயரிலேயே விதையாக விற்பனைக்கும் வந்தன.

இந்தப் புல் உலோகத்தை எங்கே வைக்கிறது? பெரும்பாலும் வேரிலேயே. மண்ணுக்கு மேலே வரும் தண்டையும் இலையையும் முடிந்தவரை சுத்தமாக வைத்துக்கொள்கிறது. இப்படி ஒதுக்கி நிறுத்தும் செடிகள் ஒரு பக்கம், அள்ளி இலையில் நிரப்பும் செடிகள் மறுபக்கம் என்று ஆலன் பேக்கர் 1981-ல் வகுத்தார். மண்ணில் இருப்பதற்கு ஏற்ப இலையிலும் ஏறி இறங்கும் செடிகள் இரண்டுக்கும் நடுவே. செடி நிற்கும் இடமே உலோகத்துக்கு அடையாளமாவதும் உண்டு: ஜாம்பியாவின் செம்பு வளத்தைத் தேடிப் போனவர்களுக்கு ஒரு செடி வழிகாட்டியது. அது துளசியின் பேரினத்தைச் சேர்ந்தது. செம்பு நிறைந்த மண்ணில் அது தழைத்திருக்கும் இடங்களைப் பார்த்துத் தோண்டினார்கள்.

இனி செல்லுக்குள். 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் மைன்ஹார்ட் சென்க் என்பவரின் ஆய்வகம் மருந்துச் செடிகளின் செல்களைக் குடுவையில் வளர்த்துக்கொண்டிருந்தது. அவற்றில் ஒன்று நம் சர்ப்பகந்தா. ரத்தக் கொதிப்புக்கு ரெசர்பின் தந்த செடி. அதன் செல்களுக்குக் காட்மியம் கொடுத்தபோது, விலங்குகளில் இருப்பதைப் போன்ற புரதம் ஒன்று உலோகத்தைப் பிடிக்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். கிடைத்ததோ சிறு சிறு பெப்டைடுகள். குளூட்டமிக் அமிலமும் சிஸ்டைனும் மாறி மாறி இணைந்து கடைசியில் ஒரு கிளைசின். அவற்றின் இணைப்பும் வழக்கமான புரத இணைப்பு அல்ல. ஆகவே அவை நேரடியாக மரபணுவில் எழுதியிருந்து, ரைபோசோமில் கோக்கப்பட்டவையாக இருக்க முடியாது. எர்வின் கிரில், வின்னாக்கர், சென்க் மூவரும் 1985-ல் அவற்றுக்கு ஃபைட்டோகெலாட்டின் என்று பெயரிட்டார்கள். ஒருவகை ஈஸ்ட்டில் இதே பொருளை ஜப்பானிய ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் முன்பே கண்டிருந்தார்கள். தாவர உலகம் முழுவதும் அதைப் பயன்படுத்துகிறது என்று காட்டியது மியூனிக் குழு.

வேலை நடக்கும் விதம் நேர்த்தியானது. குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு செல்லில் எப்போதும் நிறைய இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று கோக்கும் நொதியும் எப்போதும் தயாராக இருக்கும். உலோகம் வந்து நொதியை எழுப்பினால் சில நிமிடங்களிலேயே சங்கிலி நீளத் தொடங்கும். உலோகம் எல்லாம் பிடிபட்டதும் நொதி அடங்கிவிடும். மரபணுவை எழுப்பி, புரதம் தயாரித்து, அனுப்பி என்ற காத்திருப்பு இல்லை. இந்த நொதியின் மரபணுவை 1999-ல் மூன்று குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அந்த மரபணு பழுதடைந்த அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடி இம்மியளவு காட்மியத்துக்கே பழுப்பேறிச் சாகிறது. விரைவில் இதே மரபணு ஒரு நுண்ணிய உருளைப்புழுவிலும் கிடைத்தது. செடிகளின் தனிச் சொத்து என்று நினைத்தவர்கள் அதை மறுபரிசீலனை செய்ய நேர்ந்தது.

இதற்கும் ஒரு விலை உண்டு. வெறிபிடித்த ஆக்சிஜன் துகள்களை அடக்குவதும் குளூட்டாதயோனின் வேலைதான். உலோகத்தைப் பிடிக்கச் செலவழித்தால் அந்தப் பக்கம் காவல் குறைகிறது. தானே எலக்ட்ரான் விளையாட்டில் இறங்காத காட்மியம் செல்லை ஆக்சிஜன் கொதிப்பில் தள்ளுவதற்கு இது ஒரு காரணம்.

பிடித்த பிறகு எங்கே? வாக்குவோலுக்கு. வளர்ந்த தாவரச் செல்லின் உள்ளே பெரும் இடத்தை, சில செல்களில் 90 சதவீதம் வரை, அடைத்துக்கொண்டிருக்கும் நீர்ப்பை அது. பெரிய வீட்டில் வேண்டாத சாமானைப் போட்டுப் பூட்டும் பின்கட்டு அறை என்று வைத்துக்கொள்ளலாம். ஆற்றலைச் செலவழிக்கும் பம்புகள் ஃபைட்டோகெலாட்டினோடு சேர்ந்த காட்மியத்தையும் ஆர்செனிக்கையும் அதற்குள் தள்ளுகின்றன. உள்ளே புளிப்பான சாறு. அங்கு உள்ள சிட்ரிக், மாலிக் அமிலங்களும் பல உலோகங்களைக் கட்டிப்போடும். பிக்னாண்ட்ராவின் நீலப் பாலிலும் நிக்கலைப் பிடித்திருப்பது பெரும்பாலும் சிட்ரேட்தான்.

ஆனால் மீச்சேமிப்புச் செடிகளின் திறமைக்கு ஃபைட்டோகெலாட்டின்தான் காரணம் என்று நினைத்தால் தவறு. அவை அதை நம்பியே இல்லை. அவ்வளவு உலோகத்துக்கும் பெப்டைடு தயாரித்துக் கட்டுப்படி ஆகாது. அவற்றின் உத்தி வேறு: வேரில் தேங்கவிடாமல் மேலே ஏற்றிவிடுவது. அராபிடாப்சிஸ் ஹாலெரி என்ற ஐரோப்பியச் செடி துத்தநாகத்தையும் காட்மியத்தையும் இலையில் குவிக்கிறது. ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான அராபிடாப்சிஸ் தாலியானாவுக்கு நெருங்கிய உறவு. வேர்ச் செல்லிலிருந்து துத்தநாகத்தை, நீரை மேலே கொண்டுபோகும் சைலம் குழாயில் ஏற்றும் பம்பு ஒன்று இரண்டிலும் உண்டு. அதன் பெயர் ஹெச்எம்ஏ4. ஹாலெரியில் அந்த மரபணு மூன்று பிரதிகளாக அடுத்தடுத்து இருக்கிறது, ஒவ்வொன்றும் உரக்கப் பேசுகிறது என்று ஹானிகென், உட்டே கிரேமர் ஆகியோரின் குழு 2008-ல் காட்டியது. பம்பு ஓயாமல் இறைப்பதால் வேருக்கு எப்போதும் துத்தநாகப் பசி. பசித்த வேர் மண்ணிலிருந்து மேலும் மேலும் வாங்குகிறது.

அந்த மரபணுவை மட்டும் தாலியானாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். துத்தநாகம் ஏறியது, செடி நோய்ப்பட்டது. ஏற்றத் தெரிந்த செடிக்கு மேலே வைக்கவும் இடம் தெரிந்திருக்க வேண்டும். நொக்கேயா என்ற இன்னொரு துத்தநாகச் செடி இலையின் மேல்தோல் செல்களில்தான் அதைக் குவிக்கிறது; ஒளிச்சேர்க்கை நடக்கும் உள் செல்களுக்கு அவ்வளவு விடுவதில்லை. வழியில் துணைக்கு வருவதும் ஆளுக்கு ஆள் மாறும். கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் வளரும் ஓர் அலிசம் செடியில், நிக்கல் ஏற ஏறச் சைலம் சாற்றில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் கூடவே ஏறுவது 1996-ல் தெரியவந்தது. நிக்கல் சேர்க்காத உறவுச் செடிக்கு ஹிஸ்டிடினை ஊட்டினால் அதுவும் நிக்கலை மேலே அனுப்பத் தொடங்கியது.

நஞ்சை இலையில் குவித்து என்ன லாபம்? இலையைத் தின்ன வரும் புழுவுக்கு அது விஷம் என்பது பரவலாகப் பேசப்படும் விளக்கம். கலிஃபோர்னியாவின் ஸ்ட்ரெப்டாந்தஸ் செடியின் நிக்கல் நிறைந்த இலையைத் தின்ற பூச்சிகள் செத்தன. ஆனால் அந்தச் செடியை மட்டுமே உண்டு வாழும் ஒரு சிறு பூச்சியும் இருக்கிறது. இந்த விளக்கத்தை முன்வைத்தவர்களில் ஒருவரான ராபர்ட் பாய்டின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். கேலியா மரியாதையா என்பது வைத்தவர்களுக்கே வெளிச்சம்.

நமக்குப் பழகிய செடிகளும் இந்தப் பட்டியலில் உண்டு. இலங்கையின் தென்கரையில், அம்பாந்தோட்டை மாவட்டத்தில், உஸ்ஸங்கொட என்ற செம்மண் வெளி இருக்கிறது. நிக்கல் மிகுந்த பாறை சிதைந்து உண்டான மண். குட்டையான செடிகள் தரையோடு ஒட்டிக் கிடக்கும். அங்கே நிக்கலைக் குவிக்கும் செடிகளில் ஒன்று, நம் சித்த மருந்துக் கடைகளில் பொடியாக விற்கும் ஓரிதழ்த்தாமரை. சாதாரண மண்ணில் வளரும் செடிக்குக் குவிக்க அவ்வளவு நிக்கல் கிடைக்காது. மூலிகையின் பெயரைக் கேட்பவர்கள் அது எந்த மண்ணில் பறித்தது என்றும் கேட்பது நல்லது. மலேசியாவின் சபா மாநிலத்தில் 2018-ல் பெயரிடப்பட்ட ஒரு நிக்கல் செடி, நெல்லி, கீழாநெல்லி ஆகியவற்றின் பேரினத்தைச் சேர்ந்தது. பழைய கிணற்றுச் சுவரின் சுண்ணாம்புக் காரையில் தொற்றி வளரும் டெரிஸ் விட்டேட்டா பெரணி, ஃபுளோரிடாவில் மரத்துக்கு மருந்தடித்த பழைய தொழிற்கூடம் ஒன்றின் மண்ணில் ஆர்செனிக்கை அள்ளிக்கொண்டு செழித்திருந்ததை லீனா மாவின் குழு 2001-ல் அறிவித்தது. சோதனையில் அதன் இலையில் ஆர்செனிக் 2 சதவீதத்தையும் தாண்டியது. பூக்கும் தாவரங்கள் இழந்துவிட்ட ஒரு பம்பு பெரணியிடம் மிச்சம் இருக்கிறது. அது ஆர்செனைட்டை நேரே வாக்குவோலுக்குள் தள்ளுகிறது.

இதையெல்லாம் படித்ததும் செடியை நட்டு மண்ணைச் சுத்தம் செய்துவிடலாமே என்று தோன்றும். இதைப் பற்றி வரும் ஆர்ப்பாட்டமான செய்திகளை நான் பாதிதான் நம்புகிறேன். மீச்சேமிப்புச் செடிகளில் பல முழங்கால் உயரம்கூட வராதவை. ஒரு வயலைத் தேற்றப் பல பத்தாண்டு ஆகும். அறுத்த இலையை எங்கே வைப்பது என்ற அதே கேள்வி இப்போது நம் தலையில் விழும். நிக்கல் மட்டும் விதிவிலக்கு, அதற்கு விலை உண்டு. அல்பேனியாவில் அலிசம் பயிரிட்டு, எரித்த சாம்பலிலிருந்து ஹெக்டேருக்கு 100 கிலோ அளவுக்கு நிக்கல் எடுக்கும் சோதனைகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலோ இதே நோக்கத்தோடு கொண்டுவந்த அலிசம் வேலி தாண்டி, ஒழிக்க வேண்டிய களைகளின் பட்டியலில் சேர்ந்தது.

என்னைப் பொறுத்தவரை இந்த அறிவு உண்மையில் பயன்படுவது சோற்றுத் தட்டில். ஜப்பானின் டொயாமா மாவட்டத்தில் ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த வயல்களில், மேலே கமியோகா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் படிந்தது. அந்த அரிசியைப் பல ஆண்டுகள் உண்டவர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளை பெற்ற நடுவயதுப் பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டது, எலும்பு இளகி முறிந்தது. இட்டாய்-இட்டாய் என்ற அந்த நோய்க்குக் காட்மியமே காரணம் என்று அரசு 1968-ல் ஏற்றுக்கொண்டது. கெட்ட வயல்களின் மண்ணை மாற்றும் வேலை 2012-ல்தான் முடிந்தது. கொடுமை என்னவென்றால், அந்த நெற்பயிர் பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்தது. செடி தாங்கிக்கொண்டது, தின்றவர்களால் தாங்க முடியவில்லை.

நெல் வகைகளுக்குள்ளேயே இதில் பெரிய வேறுபாடு உண்டு. ஜப்பானின் நிப்பான்பாரே நெல்லின் வேரில் ஹெச்எம்ஏ3 என்ற பம்பு காட்மியத்தை வாக்குவோலில் பூட்டிவிடுகிறது. அஞ்சனா தான் என்ற இண்டிகா வகையில் அந்தப் புரதத்தின் 80-ஆவது அமினோ அமிலம் மாறிப்போனதால் பம்பு வேலை செய்வதில்லை. காட்மியம் தண்டுக்கும் மணிக்கும் ஏறுகிறது. 2010-ல் இது தெளிவானது. ஆர்செனிக்குக்கு இன்னொரு சோதனைச் சாவடி நெல்லின் கணுவில் இருக்கிறது. அங்குள்ள, சத்தைக் கொண்டுசெல்லும் புளோயம் குழாயின் துணைச்செல்களில், வாக்குவோலுக்குள் ஆர்செனிக்கைத் தள்ளும் ஏபிசிசி1 என்ற பம்பை முடக்கினால், கதிருக்குப் போகும் ஆர்செனிக் கூடுகிறது.

சிக்கல் தண்ணீரில் வருகிறது. வயலில் வெள்ளம் நின்றால் மண்ணில் ஆக்சிஜன் குறைந்து, இரும்போடு ஒட்டியிருந்த ஆர்செனிக் கரைந்து வேருக்குக் கிடைக்கும். காட்மியமோ கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் உறைந்துவிடும். வயலைக் காயவிட்டால் இரண்டும் தலைகீழ். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் ஆர்செனிக் குறையும், காட்மியம் ஏறும். காட்மியத்துக்கு அஞ்சிய ஜப்பானிய உழவர்கள் கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்னும் பின்னும் வயலில் நீர் நிறுத்தினார்கள்; அது ஆர்செனிக்குக்குக் கதவு திறந்தது. ஒன்றைத் தண்ணீரால் தடுத்தால் மற்றொன்றுக்கு வழிவிட வேண்டும்.

சத்தோரு இஷிகாவாவின் குழு 2012-ல் வேறு வழியில் போனது. கொஷிஹிகாரி நெல் விதைகளைக் கார்பன் அயனிக் கற்றையால் தாக்கி, முளைத்தவற்றில் காட்மியமே அனேகமாக ஏறாத சடுதிமாற்றச் செடிகளைப் பொறுக்கினார்கள். பழுதானது என்ரேம்ப்5 என்ற மாங்கனீசுக் கடத்தி. காட்மியம் நுழைந்த கதவு அதுதான். மாங்கனீசு வரத்து குறைந்தாலும் விளைச்சல் பெரிதாக விழவில்லை. கொஷிஹிகாரி கான் 1 என்று பதிவான அந்த நெல்லை நட்டுவிட்டால் காட்மியத்துக்காக வயலில் நீர் கட்ட வேண்டியதில்லை. நீரை வடித்து ஆர்செனிக்கையும் சேர்த்துக் குறைக்கலாம் என்று 2016-ல் வெளிவந்த வயல் சோதனைகள் காட்டின.